பதினொன்றில் நிற்கிற பாட்டு

1982 அக்டோபர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துணி காயாது.

இந்த டைரி போன வருடத்தது. கமிஷன் கடையில் மிஞ்சிப்போனதை, ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் அடுப்புப் பற்றவைக்கக் கொண்டுபோனார்கள். நான் கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

செய்ய வேண்டியவை: செல்விக்கு இரட்டைக் கோடு நோட்டு. மண்ணெண்ணெய். ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்ற அண்ணனிடம் சொல்ல.

ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்போது, மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஒன்று டீக்கடை ஓரம் நின்றது. உள்ளே ஏதோ கச்சேரியில் பிடித்த டேப் ஓடியது. காய் எடுக்கப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து கைதட்டிப் பாடினார்கள். ஒண்ணாம் வளைவு, ரெண்டாம் வளைவு என்று எண்ணுகிற பாட்டு. தடதடவென்று வாத்தியம். குத்துப் பாட்டு.

மெட்டு தெரிந்த மெட்டு. எங்கே கேட்டது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கடை வாசலுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. எங்கேயும் கேட்டதில்லை. நான் பாடியது.

நாள் முழுக்கக் கை காயில் இல்லை. பிளந்த காயை நல்ல காயோடு போட்டேன். மேஸ்திரி இரண்டு தடவை கத்தினார்.

அக்டோபர் 5, செவ்வாய்

தூறல் விட்டது. வெயில் சுள்ளென்று.

சரசு அக்காவும் கேட்டிருக்கிறாள். எனக்கு எதிரே உட்கார்ந்து பத்து வருடமாகக் காய் பிரிக்கிறவள். முறத்தைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அடியே பேச்சி, அது நீ அழுத மெட்டுதானடி?"

"எது?"

"எதுவா? டிரம்ஸ் போட்டு அடிச்சா எனக்குத் தெரியாதா? உன் முதுகுல நாலு வச்சு அழ வச்சவடி நான்."

உண்மை. மூன்று வருடம் ஆகப்போகிறது. கார்த்திகை முதல் திங்கள். என் வீட்டுக்காரர் தங்கராசு, மலைக்கு மேலே கேரளத்தில், பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தார். திங்கள் ஏறினால் சனி இறங்குவார். அன்றைக்கு ஜீப்பில் இடமில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு போனார். பதினோராம் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு வெட்டித் திரும்பியதில் கை நழுவிப் பள்ளத்துக்குள் போய்விட்டார். ஜீப்பில் வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தூக்கி வந்து போட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. எந்த வளைவு, எந்த வளைவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். யாரோ பதினொண்ணு என்றார்கள். சரசு அக்கா முதுகில் அடித்தாள். "அழுதுருடி, இல்லாட்டி கிறுக்குப் பிடிச்சுரும்." அப்போதுதான் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது.

ஒண்ணாம் வளைவுல ஒருக்கா திரும்பிப் பாத்தீகளா
ரெண்டாம் வளைவுல ரெட்டமூச்சு வாங்குனீகளா
மூணாம் வளைவுல மொகத்தை நெனைச்சீகளா

இப்படியே பத்து வரை. பத்தாவதில் செல்வி பேர் வரும். பிறகு "பதினோராம் வளைவுல" என்று மட்டும். அதற்கு மேல் சொல் கிடையாது. அன்றைக்கு அங்கே நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கும்.

ஒப்பாரியைச் சும்மா நாளில் வீட்டுக்குள் பாடக்கூடாது. விளக்கு வைக்கிற வீட்டில் அந்த மெட்டை முணுமுணுத்தாலே திட்டுவார்கள். அதனால் வருடா வருடம் கார்த்திகை முதல் திங்கள் பஸ்ஸேறி அந்த வளைவுக்குப் போய் ஒரு தடவை பாடிவிட்டு வருவேன். வருடத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான் எனக்கு மிஞ்சிய அவர்.

இரண்டு வருடமும் துணைக்கு வந்தது அண்ணன் மட்டும். ஆகவே திருடனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அக்டோபர் 7, வியாழன்

சாயங்காலம் அண்ணன் கடைக்குப் போனேன். முருகேசன். பகலில் தையல் மிஷின், விசேஷ நாளில் ஆர்மோனியம். ஐந்து பேர் சேர்ந்த மெல்லிசைக் குழு. இத்தனை வருடம் சினிமாப் பாட்டைத்தான் வாசித்தார்கள். பாதி நாற்காலி மடக்கியே கிடக்கும்.

"அண்ணே, அந்த வளைவுப் பாட்டு யாரு போட்டது?"

மிஷினை நிறுத்தவில்லை. "நம்ம பாட்டுதான். நல்லாருக்கா?"

"நம்ம பாட்டா?"

அப்போது நிறுத்தினான். (அண்ணனை "அவன்" என்று எழுதுகிறேன். டைரியில்தானே.) ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"இங்க பாருத்தா. ஒப்பாரியா இருந்தா எத்தனை பேரு கேப்பாக? எழவு வீட்டுல நாலு பொம்பளைக. அந்த வளைவுல நானும் குரங்கும் கேட்டோம். இப்ப தேவாரத்துல கேக்குறான், ராசிங்காபுரத்துல கேக்குறான், மேல மலையாளத்தான் கேக்குறான். நாலு சனம் வாயில விழுந்தாத்தான் அது பாட்டு."

"அதுல அவுக உசுரு இருக்குண்ணே."

"நான் இல்லேங்கலையே. உசுரு இருக்கப்போயித்தான் சனம் பிடிச்சுக்கிருச்சு. நாங்களாப் போட்ட மெட்டு ஒண்ணாச்சும் நின்னுச்சா?"

"மலை முடியிற பதினேழாம் வளைவு வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கியே. பதினொண்ணோட நிக்கிற பாட்டு அது."

"நின்னா எப்பிடி? கேக்குறவன் எந்திரிச்சுப் போயிருவான். நீ பாதியில விட்டுட்ட. நான் முடிச்சு வச்சேன்."

முடித்து வைத்தானாம். ஓடு மாற்றச் சொல்ல மறந்து வந்துவிட்டேன். ஒழுகட்டும்.

வீட்டில் செல்வி முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாம்.

ஒண்ணாம் வளைவுல ஒருக்கா திரும்பிப் பாரு மச்சான்

"பாத்தீகளா"வை எடுத்துவிட்டு "பாரு மச்சான்" போட்டிருக்கிறான். அவனுக்கு அது ஒரு சொல் மாற்றுகிற வேலை. நான் விக்கி நின்ற இடத்தில்:

பதினோராம் வளைவுல பாதிமுத்தம் தந்தாச்சு
பன்னெண்டாம் வளைவுல மீதிமுத்தம் வாங்கியாச்சு

பன்னெண்டு வரும்போது எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டுமாம். செல்வி கையைத் தூக்கிக் கத்திக் காட்டினாள். அடிக்க ஓங்கிவிட்டேன். அவர் போனபோது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்கு என்ன தெரியும். ஓங்கிய கையால் அவள் பின்னலைச் சரிசெய்தேன்.

அக்டோபர் 24, ஞாயிறு

பல நாள் எழுதவில்லை. காய் வரத்து அதிகம். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. விளக்கெண்ணெய் தடவியும் கேட்கவில்லை.

இன்று சரசு அக்காவின் அக்காள் மகன் கல்யாணம். பெண் அழைப்பு. பேண்டு வாத்தியக்காரர்கள் தெரு முனை திரும்பியதும் அதே மெட்டு. நான் வழக்கம்போல் பின்வரிசையில், தூணை ஒட்டி. பொடிசுகள் ஆட்டம்.

சரசு அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. "தாலி கட்டப்போற எடத்துல தாலி அறுத்த பாட்டை வாசிக்கிறான் பாரு" என்று ஓடினாள். வாத்தியக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சொன்னார், "பொண்ணு கேட்ட பாட்டுக்கா இது."

பெண் தலையைக் குனிந்துகொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து அழுத பெண்கள் நாலைந்து பேர் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் காதை மூடினாள். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்க வழி தேடினார்கள். எழவு வீட்டில் கல்யாணப் பாட்டுப் பாடினால் அடித்து விரட்டுவார்கள். இது மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது?

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பாயசம் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, செவ்வாய். ஆயுத பூஜை

காலையில் கடையில் தராசு, சல்லடை, முறம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. பொரி, கடலை, ஒரு வாழைப்பழம். மத்தியானத்தோடு லீவு.

ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டில் அண்ணன் குழு. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். செல்வி பிடிவாதம். வரிசையாக ஜீப்புகள், வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு. புது மாப்பிள்ளைகள் தோற்றார்கள்.

வளைவுப் பாட்டை மூன்று தடவை கேட்டார்கள். பன்னெண்டு வருகிற இடத்தில் எல்லா ஜீப்பும் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தது. என்னையும் அறியாமல் செல்வியின் கையை நெரித்துவிட்டேன். அவள் கத்தியது ஆரனில் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை பாடும்போது செல்வி தண்ணீர் கேட்டாள். ஸ்டாண்டுக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே பால்ச்சாமி. அவர் விழுந்த அன்றைக்கு அந்த ஜீப்பை ஓட்டியவன். இப்போது ஓட்டுவதில்லை, வண்டி கழுவிவிடுகிறான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. மூடவில்லை.

மூன்று வருடமாக இவன் நன்றாக இருக்கக்கூடாது என்று வேண்டாத நாள் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சத்தம் கேக்காம இருக்கட்டும்னுதான் தாயி தெறந்து விட்டேன். எனக்கு அந்தப் பாட்டுல பதினொண்ணுக்கு மேல கேக்காது."

செல்வி குடித்தாள். வந்துவிட்டோம்.

இந்த ஊரில் அதை ஒப்பாரியாகக் கேட்கிற ஆம்பளை ஒருத்தன்தான் இருக்கிறான், அதுவும் அவன். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

நவம்பர் 1, திங்கள்

மழை. ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருக்கிறேன்.

அண்ணன் வந்தான், அல்வாப் பொட்டலத்தோடு. கூடவே மதுரையில் கேசட்டுக் கடை வைத்திருக்கிற ஒருத்தர், வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை. வளைவுப் பாட்டைக் கேசட்டாகப் போடப்போகிறாராம். ஆனால் ஒரு பெண் குரல் வேண்டுமாம். பாட்டு எங்கிருந்து வந்தது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

"ஆரம்பத்துல நீங்க அழுகுற மாதிரி மெதுவாப் பாடணும்மா. பெறகு நாங்க தாளத்தை எடுத்துக்கிருவோம். பட்டிக்காடும் கேக்கும், பட்டணமும் கேக்கும்."

அழுகிற மாதிரி. நல்ல மனிதர்தான், வாயில் தெரியாமல் வந்துவிட்டது.

முடியாது என்றேன். அண்ணன் தனியாக அடுப்படிக்கு வந்தான். குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும்.

"மாப்ளையும் நானும் எப்பிடிப் பழகுனோம்னு ஒனக்குத் தெரியாதா? நான் அந்த ஆளை வித்துத் திங்கலத்தா. வர்ற ஞாயித்துக்கிழமை பூப்பாறைல புரோகிராமு. நீ வந்து ஒன் பாட்டை ஒன் மாதிரியே பாடு. யாரும் குறுக்க வரமாட்டோம்."

"பதினொண்ணுல நிப்பாட்டுவேன்."

"நிப்பாட்டு."

"வாத்தியம் கூடாது."

"கூடாது. சத்தியம்."

சரி என்றுவிட்டேன். ஒழுங்காக ஒரு தடவை அத்தனை சனமும் கேட்டுவிட்டால், அது என்ன பாட்டு என்று தெரிந்துவிடும், பிறகு கத்த மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. மைக்கில் பாடிப் பார்க்க ஒரு சின்ன ஆசையும்தான். பொய் எழுத மாட்டேன்.

நவம்பர் 5, வெள்ளி

பழகுவதற்கு இடமில்லை. வீட்டில் பாட முடியாது. கொட்டகுடி ஆற்றில் துணி துவைக்கப்போன சாக்கில் பாடிப் பார்த்தேன். பத்தாவது வளைவில் அழுகை வரவில்லை. நாலாவதில் குரல் ஏறவில்லையே என்ற கவலைதான் வந்தது. சேலையைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கரை கிழிந்துவிட்டது.

நவம்பர் 7, ஞாயிறு

பூப்பாறை போய் வந்தாயிற்று.

காலை பஸ்ஸில் ஏறினோம். முந்தலில் செக்போஸ்ட்டுச் சோதனை. பதினோராம் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான், பழக்கதோஷம்.

மைதானத்தில் பலகை மேடை. காய் உலர்த்துகிற படுதாவைக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். நம்மூர்ச் சனம் பாதி, மலையாளச் சனம் பாதி. பனிமஞ்சு இறங்கும் முன் முடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே ஆரம்பம்.

நாலாவது பாட்டுக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "வளைவுப் பாட்டை மொதமொத பாடுன எங்க தங்கச்சி." விசில்.

வாத்தியம் இல்லாமல் எடுத்தேன். முதல் வளைவில் சிரித்தார்கள், இதென்ன இழுக்கிறாள் என்று. மூன்றாவதில் சிரிப்பு நின்றது. ஆறாவதில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பத்தாவதில் செல்வி பேர் சொன்னபோது குரல் உடைந்தது, நிஜமாகவே.

"பதினோராம் வளைவுல."

நிறுத்தினேன்.

ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அவரை அவர்களுக்குக் காட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தன். "பன்னெண்டு!"

இன்னொரு மூலையில் மலையாளத்தில், "பந்த்ரண்டு!"

பிறகு மைதானம் முழுக்க. டிரம்ஸ்காரன் கை தானாக விழுந்துவிட்டது. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். அவன் விரலும் ஆர்மோனியக் கட்டையில் இறங்கிவிட்டது. சத்தியம் எல்லாம் அரை நிமிடம். எல்லாரும் ஆடினார்கள். தலைப்பை வாயில் வைத்து அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள்.

நான் மைக் முன்னால் நின்றபடி நின்றேன். அந்தக் கைதட்டலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இறங்கியதும் ஒரு மலையாளப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, ஆத்யம் கரஞ்ஞு, பின்னெ சிரிச்சு." முதலில் அழுதாளாம், பிறகு சிரித்தாளாம். ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

கேசட்டுக்காரர் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்த நிப்பாட்டு இருக்கு பாருங்க, அதுதான் அடி. சனம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை அப்பிடியே வச்சுக்கங்க. நாலு எண்ணி, பெறகு பன்னெண்டு."

நாலு எண்ணி. எனக்கு அந்த இடத்தில் மூன்று வருடம் ஆயிற்று.

நவம்பர் 9, செவ்வாய்

அண்ணன் வந்து ஓடு மாற்றிக் கொடுத்தான். ஏணியில் நின்றபடியே, "கோவமாத்தா?" என்றான். மதுரைக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒரு பெண்ணை வைத்துப் பாடிக்கொள்வார்களாம். நிறுத்துகிற இடத்தை அவளுக்கு அவன் சொல்லிக் கொடுப்பானாம்.

இப்போது ஒழுகவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய், சீயக்காய், செல்விக்குப் புதுப் பாவாடை. முறுக்கு தீய்ந்துவிட்டது.

தெருவில் பிள்ளைகள் புது விளையாட்டு. ஒருத்தி "பதினோராம் வளைவுல" என்று பாடிவிட்டு உதட்டில் விரலை வைப்பாள். எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். அசைந்தவன் அவுட்டு. பிறகு "பன்னெண்டு" என்று கத்தி வெடியைக் கொளுத்துவார்கள்.

சரசு அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "வெலக்கிட்டு வரவா?" என்றாள்.

"விடுக்கா. பிள்ளைக."

அவள் அசையாமல் நிற்கிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள்.

நவம்பர் 22, திங்கள்

மழை இல்லை. மலை பளிச்சென்று தெரிகிறது.

அண்ணனைக் கூப்பிடவில்லை. செல்வியை மட்டும் கூட்டிக்கொண்டு ஏழரை பஸ். கையில்: கதம்பம், வெற்றிலை பாக்கு, அவருக்குப் பிடித்த காராச்சேவு, தண்ணீர். கடைக்கு லீவு சொல்லியாயிற்று.

பஸ்ஸில் செல்வியிடம் சொல்லிவைத்தேன். "அங்க போயி அம்மா அழுவேன். நீ ஒண்ணும் சொல்லக்கூடாது. பதினொண்ணுக்கு மேல கெடையாது. தெரிஞ்சுதா?"

"தெரியும்மா. அப்பாவுக்குப் பதினொண்ணுதான்."

கண்டக்டர் பழகினவர். வளைவில் இறக்கிவிட்டு, கீழே இறங்குகிற வண்டி முக்கால் மணியில் வரும் என்றார். பள்ளத்தோரத் தடுப்புச் சுவரில் பூவை வைத்தேன். சேவுக்குக் குரங்கு வந்தது, செல்வி விரட்டினாள். பிறகு சுவர் ஓரம் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

குரல் நன்றாக ஏறியது. நன்றாக ஏறுகிறதே என்று நினைத்தேன். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பத்தாவதில் செல்வி பேர்.

"பதினோராம் வளைவுல."

நிறுத்தினேன். போன இரண்டு வருடமும் இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும், அவர் முகம் வரும், கொஞ்ச நேரம் இருக்கும். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பள்ளத்திலிருந்து காற்று வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது நாலில்தான் உறைத்தது. காது அவரைத் தேடவில்லை. கைதட்டலைத் தேடியது.

திரும்பிப் பார்த்தேன். செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. கைக்குள் உதடு அசைந்தது.

"சொல்லிருடி," என்றேன்.

"பன்னெண்டு," என்றாள், பள்ளத்தைப் பார்த்து, ரொம்ப மெதுவாக.